13 வருடம் தாங்குமா? தனியார் பாடசாலைக் கட்டணமும் அரசாங்கத்தின் முடிவுகளும்

கொக்குவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருப்பது இதுதான். மூத்த மகள் வருகிற ஜனவரியில் முதலாம் தரம். சின்னவனுக்கு இரண்டு வயது. கணவன், மனைவி இருவரும் வேலை. எல்லாக் கழிவும் போக மாதம் 185,000 ரூபாய் கைக்கு வருகிறது. நகரத்தில் லண்டன் பாடத்திட்டம் படிப்பிக்கும் ஓர் அனைத்துலகப் பாடசாலை மாதம் 15,000 ரூபாய் கேட்கிறது. லண்டனில் இருந்துகொண்டு உதவிக்குக் காசு அனுப்புவதாகச் சொல்லும் அண்ணா, "இங்கே பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு வரி போட்டுவிட்டார்கள், அங்கேயும் போடுவார்கள், யோசித்துச் செய்" என்கிறார். அரசாங்கம் சட்டத்தை மாற்றினால் பிள்ளை நடுவழியில் நிற்குமா என்பது அந்தத் தாயின் பயம்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அரசாங்கம் என்ன செய்யக்கூடும், அது கட்டணத்தை எவ்வளவு ஏற்றும் என்பது ஒன்று. அரசாங்கம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் 13 வருடம் இந்தக் காசைக் கட்ட முடியுமா என்பது மற்றது. பெற்றோர் முதலாவதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். பாடசாலைகளின் வரவுசெலவுக் கணக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டாவதுதான் பெரிய விஷயம் என்று தெரியும். இரண்டுக்கும் பதில் சொல்ல முதல், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பாடசாலை எந்த வகை என்பதைத் தெளிவாக்க வேண்டும். அரசாங்கத்தின் ஒவ்வொரு முடிவும் ஒவ்வொரு வகையை ஒவ்வொரு விதமாகத் தொடும்.

"பிறைவேற் ஸ்கூல்" என்று நாங்கள் சொல்வதற்குள் வேறுவேறு வகைகள் அடங்கியிருக்கின்றன. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷன்களிடமும் சைவ அமைப்புகளிடமும் இருந்தன. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் அரச உதவி பெற்ற பாடசாலைகளை அரசின் கீழ் கொண்டுவந்தன. மெதடிஸ்த மிஷன் தொடங்கிய வேம்படியும் ஹாட்லியும் அரச பாடசாலைகளானது அப்படித்தான். சென் ஜோன்ஸ், சுண்டிக்குளி மகளிர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் போன்ற சில திருச்சபைகளின் கையிலேயே நின்றன. இவை கல்வி அமைச்சு அங்கீகரித்த தனியார் பாடசாலைகள். தேசிய பாடத்திட்டம், எங்கள் ஓ/எல், ஏ/எல் பரீட்சை. இந்த வகைக்குள்ளேயே ஆசிரியர் சம்பளத்துக்கு அரச உதவி பெறுபவையும் இருக்கின்றன, பெறாதவையும் இருக்கின்றன. அதைக் கட்டாயம் கேட்டு அறியுங்கள், ஏனென்றால் உதவி பெறும் பாடசாலையின் கட்டணத்துக்கும் பெறாத பாடசாலையின் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

அனைத்துலகப் பாடசாலை வேறு வகை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. அதனால் பின்னாளில் வந்தவை பாடசாலையாகப் பதியாமல், கம்பனிச் சட்டத்தின் கீழ் கம்பனியாகப் பதிந்துகொண்டன. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடம் சட்டத்தின் கண்ணில் ஒரு வியாபார நிறுவனம். வரி, மேற்பார்வை, மூடப்பட்டால் உங்களுக்குள்ள உரிமை எல்லாம் அந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் வருகின்றன.

இனி அண்ணாவின் வரிக்கு வருவோம். அவர் சொன்னது உண்மை. பிரித்தானியாவில் 2025 ஜனவரி 1இல் இருந்து தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு 20 சதவீத வற் (பெறுமதி சேர் வரி). இலங்கையில் வற் வரி 2022இல் 8இல் இருந்து 12க்கும் பிறகு 15க்கும் ஏறி, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. அப்போது பல பொருள்களுக்கும் சேவைகளுக்கும் இருந்த விலக்கு நீக்கப்பட்டது. கல்விச் சேவை விலக்குப் பட்டியலிலேயே நின்றது. ஆகவே இன்று நீங்கள் கட்டும் கட்டணத்தில் வற் இல்லை. நாளைக்கும் இல்லை என்று எவராலும் எழுதித் தர முடியாது. வருமானம் தேடும் அரசாங்கத்துக்கு விலக்குப் பட்டியல் எப்போதும் கண்ணில் படும்.

அப்படிப் போட்டால் 15,000 ரூபாய் 17,700 ஆகுமா? ஆகத் தேவையில்லை. விலக்குள்ள சேவையைத் தரும் பாடசாலை, தான் வாங்கும் கதிரை, கணினி, கட்டட வேலைக்குக் கட்டிய வற்றைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த வரி ஏற்கெனவே உங்கள் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. சேவைக்கு வரி விதிக்கப்பட்டால் அதைக் கழிக்கும் உரிமை பாடசாலைக்குக் கிடைக்கும். 100 ரூபாய்க் கட்டணத்தில் 20 ரூபாய், வற் சேர்ந்த கொள்வனவுக்குப் போகிறது என்று வைத்தால், அதற்குள் இருக்கும் வரி ஏறத்தாழ 3 ரூபாய். அதைக் கழித்தால் 97. அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 114 ரூபாய் சொச்சம். உங்கள் 15,000 ஏறக்குறைய 17,150இல் நிற்க வேண்டும். யாராவது 18 சதவீதத்தை அப்படியே ஏற்றினால் கழிவு எங்கே போனது என்று கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. சின்னப் பாடசாலைகள் வற் பதிவு எல்லைக்குள் வராமலும் போகலாம். வருடம் 60 மில்லியன் ரூபாய் என்று இருந்த எல்லையை 36 மில்லியனாகக் குறைக்க 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழிந்தார்கள். மாதம் 15,000 கட்டும் 200 பிள்ளைகள் இருந்தாலே வருடத்துக்கு 36 மில்லியன் வந்துவிடும்.

வருமான வரிப் பக்கத்தில் நடந்த மாற்றங்கள் சத்தமில்லாமல் முடிந்துவிட்டன. கல்விச் சேவைக் கம்பனிகளின் இலாபத்துக்கு 14 சதவீதமாக இருந்த வரி 2022 ஒக்டோபரில் 30 ஆனது. இது இலாபத்தின் மேல் மட்டும் விழும் வரி. 100 ரூபாய்க் கட்டணத்தில் 10 ரூபாய் இலாபம் என்றால் கூடுதல் சுமை 1 ரூபாய் 60 சதம். பிள்ளைகளின் கல்விச் செலவு உள்ளிட்ட சிலவற்றுக்குத் தனிநபர் வரியில் வருடம் 1,200,000 வரை இருந்த சலுகையும் 2022 முடிவோடு நின்றது. 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. உங்கள் இருவரில் எவருடைய சம்பளமும் அந்த எல்லையைத் தாண்டாவிட்டால் இந்தப் பந்தியை மறந்துவிடலாம்.

கட்டணத்தை உண்மையில் தூக்குவது சம்பளம். ஓர் ஒழுங்கான பாடசாலையின் செலவில் 100க்கு 60இல் இருந்து 70 வரை சம்பளமும் அதோடு சேர்ந்தவையும்தான். அரசாங்கம் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு சொல் பேசாமலே கட்டணத்தை ஏற்றும் வழி இதுவே. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இல் இருந்து 40,000க்குப் படிப்படியாக உயர்த்தியது; கடைசிப் படி 2027 ஜனவரி. தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. இவை தனியார் பாடசாலை ஆசிரியரை நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும் இழுக்கும். பட்டதாரி நியமனம் ஒன்று வந்தால் தனியார் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த ஆசிரியை அடுத்த திங்கள் அரச பாடசாலையில் கையெழுத்து வைப்பார். ஓய்வூதியம் உள்ள வேலையை விட்டு யார் நிற்பார்கள்? அவரைத் தக்கவைக்கப் பாடசாலை சம்பளத்தைக் கூட்ட வேண்டும், அல்லது அனுபவமில்லாத ஒருவரை எடுக்க வேண்டும். சம்பளப் பங்கு 65 உள்ள பாடசாலையில் சம்பளம் 15 சதவீதம் ஏறினால் கட்டணம் ஏறத்தாழ 10 சதவீதம் ஏற வேண்டிவரும். 10 சதவீதத்தை நினைவில் வைத்திருங்கள், கீழே வரும்.

இன்னொன்றும் பாருங்கள். 45,000 ரூபாய் சம்பளம் கொடுக்கும் பாடசாலை ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்) 12 சதவீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் சேர்த்து 51,750 ஒதுக்க வேண்டும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உண்டு. இவற்றைக் கட்டாமல் ஓட்டுகிற பாடசாலையின் கட்டணம் மலிவாகத் தெரியும். தொழில் திணைக்களம் ஒருநாள் வந்து நிலுவையைக் கேட்டதும் அந்த மலிவு ஒரே தவணையில் போய்விடும். ஆசிரியர்களுக்கு ஈ.பி.எஃப் கட்டுகிறார்களா என்று தெரிந்த ஓர் ஆசிரியரிடம் கேட்பதில் தவறு இல்லை. கட்டணம் நிலைத்து நிற்குமா என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் குறைவு.

மூடிவிடுவார்களா, அரசு எடுத்துவிடுமா என்ற பயத்துக்கு வருவோம். 1960–61இல் அரசு எடுத்தது அரசின் உதவிப் பணத்தில் நடந்த பாடசாலைகளை. அனைத்துலகப் பாடசாலைகளுக்கு அந்தப் பணமே இல்லை; அந்தக் கதை அப்படியே திரும்ப வருவதற்கு வழி தெரியவில்லை. நடக்கக்கூடியது ஒழுங்குபடுத்தல். இவற்றை ஒரு பதிவுக்குள் கொண்டுவர வேண்டும், ஆசிரியர் தகைமைக்கும் கட்டடத்துக்கும் கட்டணத்துக்கும் விதி வேண்டும் என்ற பேச்சு ஆட்சிகள் மாறினாலும் தொடர்கிறது. எப்போது சட்டமாகும், எந்த வடிவில் வரும் என்பது ஊகம்தான். வந்தால் யாருக்கு வலிக்கும் என்பதை மட்டும் ஓரளவு சொல்லலாம். சொந்தக் காணி, போதிய மலசலகூடம், விளையாட்டிடம், பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் உள்ள பாடசாலை கொஞ்சம் செலவோடு தப்பிவிடும். ஒழுங்கைக்குள் வாடகை வீட்டின் அறைகளை வகுப்பாக்கி நடத்துகிற பாடசாலை திணறும். அப்படி ஒன்றைத்தான் பார்த்து வைத்திருந்தால் உங்கள் பயம் நியாயமானது. கட்டண உச்சவரம்பு வந்தால் பெற்றோருக்கு இலாபம் என்று எண்ண வேண்டாம். மாதக் கட்டணம் நிற்கும், "வசதிக் கட்டணம்", "செயற்பாட்டுக் கட்டணம்" என்று புதுப் பெயர்கள் பற்றுச்சீட்டில் முளைக்கும்.

பாடத்திட்டச் சீர்திருத்தமும் ஒரு கொள்கை மாற்றம்தான். 2026இல் முதலாம் தரத்தில் இருந்து புதிய ஒழுங்கு தொடங்கியிருக்கிறது. ஆறாம் தரத்துக்கான மாற்றம் 2027க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட தனியார் பாடசாலைகள் இதைப் பின்பற்ற வேண்டும், அனைத்துலகப் பாடசாலைகளுக்குக் கட்டாயமில்லை. கட்டணத்தில் இதன் பாதிப்பு சிறியது. ஒரு பாடத்திட்டத்தில் இருந்து மற்றதுக்கு மாறும்போதுதான் இது கடிக்கும்.

லண்டன் பாடத்திட்டத்துக்கு மட்டும் உரிய ஒரு செலவு இருக்கிறது: பவுண். பரீட்சைக் கட்டணம் பவுணில் தீர்மானிக்கப்படுகிறது. 2022 தொடக்கத்தில் ஒரு பவுண் ஏறத்தாழ 270 ரூபாய், 2025இல் 400 ரூபாயைச் சுற்றி நின்றது. ஒரு பாடத்துக்கு 100 பவுண் என்று வைத்துக்கொண்டால், அங்கே ஒரு சதமும் ஏறாமலே இங்கே 27,000 ரூபாய் 40,000 ஆகிவிட்டது. பிள்ளை எடுப்பது ஆறு, ஏழு பாடம். ஓ/எல் வருடத்தில் ஒருமுறை, ஏ/எல்லில் மறுபடி. மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்த குடும்பங்கள் நகை அடைவு வைக்கப் போவது பெரும்பாலும் இந்த வருடங்களில்தான். எங்கள் ஓ/எல்லுக்கும் ஏ/எல்லுக்கும் பாடசாலை வழியாகத் தோற்றும் பிள்ளைக்கு இந்தச் சுமை இல்லை.

இப்போது 13 வருடக் கணக்கு. கட்டணம் இரண்டு விதமாக ஏறும்: வருடாவருடம் எல்லா வகுப்புக்கும் ஒரு திருத்தம், பிள்ளை மேல்வகுப்புக்குப் போகப் போக ஒரு படி. இரண்டையும் சேர்த்து வருடம் 10 சதவீதம் என்று போடுங்கள். இன்றைய 15,000 பதின்மூன்றாவது வருடத்தில் மாதம் 47,000 ஆகும். மொத்தம் ஏறத்தாழ 44 இலட்சம். 7 சதவீதம் என்றால் கடைசி வருடம் 33,800, மொத்தம் 36 இலட்சம் சொச்சம். ஏறவே ஏறாது என்று மனக்கணக்குப் போட்டவர் நினைத்திருக்கும் தொகை 23 இலட்சத்து 40 ஆயிரம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம் வரை போனதைப் பார்த்த நாடு இது. 10 சதவீதத்தை மிகையான பயம் என்று தள்ள வேண்டாம்.

கட்டணத்தோடு நிற்பதுமில்லை. கொக்குவிலில் இருந்து நகரத்துக்கு வான், சீருடை, சப்பாத்து, புத்தகம், விளையாட்டுப்போட்டி, பரிசளிப்பு விழா உடுப்பு என்று மாதத்துக்குப் பிரித்தால் இன்னொரு 12,000 வரும் என்று வையுங்கள். அரசு தரும் இலவசப் பாடநூலும் சீருடைத் துணியும் அனைத்துலகப் பாடசாலைக்குக் கிடையாது. ஆக 27,000: உங்கள் வருமானத்தில் 15 சதவீதம். இன்றைக்குத் தாங்கும். உங்கள் சம்பளம் வருடம் 7 சதவீதமும் பள்ளிச் செலவு 10 சதவீதமும் ஏறினால் கடைசி வருடத்தில் அது 20 சதவீதம். சின்னவனும் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் 40ஐ நெருங்கும். வீட்டுக்கடனோ மோட்டார் சைக்கிள் லீசிங்கோ இருக்கும் குடும்பம் அந்த இடத்தில் மூச்சுமுட்டும். பள்ளிச் செலவு எல்லாம் சேர்த்து, எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்து, கைக்கு வரும் வருமானத்தில் கால்வாசியைத் தாண்டக்கூடாது என்பது என் அளவுகோல். இது சட்டமோ ஆய்வோ இல்லை. கட்டண நிலுவைப் பட்டியல்களைப் பார்த்து வந்த மதிப்பீடு.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு செலவையும் மறைக்காமல் எழுத வேண்டும்: ரியூசன். காசு கட்டிப் படிப்பித்தால் ரியூசன் தேவையில்லை என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். லண்டன் ஏ/எல்லுக்கு இங்கே ஆசிரியர்கள் குறைவு. இணையவழியில் கொழும்பு ஆசிரியரைப் பிடிப்பார்கள், அது உள்ளூர் ஏ/எல் வகுப்பைவிடப் பல மடங்கு விலை. ஆகவே கட்டணத்தையும் ரியூசனையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் போடாமல் கூட்டிப் போடுங்கள்.

அடுத்ததுதான் நடுவழியில் நிற்பது என்று நீங்கள் சொன்னதன் உண்மையான பொருள். அங்கீகரிக்கப்பட்ட தனியார் பாடசாலையில் காசு கட்ட முடியாமல் போனால் பிள்ளையை அரச பாடசாலைக்கு மாற்றுவது சங்கடம்தான், ஆனால் அதே பாடநூல், அதே பரீட்சை. லண்டன் பாடத்திட்டத்தில் இருந்து மாறுவது வேறு. எங்கள் ஓ/எல்லில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம், மேலே மூன்று தெரிவுப் பாடம். லண்டன் பிள்ளை வரலாற்றையும் சமயத்தையும் எங்கள் பாடநூலில் தொட்டிருக்காது. தமிழைப் பேசும், கட்டுரை எழுதவும் இலக்கணம் பிரிக்கவும் தடுமாறும். ஐந்தாம் தரத்துக்குள் மாறினால் ஒரு வருடத்தில் பிடித்துவிடலாம். எட்டாம் தரத்தில் கடினம். பத்தாம் தரத்தில் மாற்றுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அரச பாடசாலையும் அங்கீகரிக்கப்பட்ட தனியார் பாடசாலையும் ஊடாகத்தான் விண்ணப்பம் போகும். வேம்படி போல ஆறாம் தரத்தில் தொடங்கும் பாடசாலைக்கு அந்த வாசலால் போகலாம் என்ற நம்பிக்கையை அனைத்துலகப் பாடசாலையில் இருந்துகொண்டு வைக்க வேண்டாம்.

மற்ற முனையிலும் ஒரு கதவு இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகங்களின் பொது அனுமதி உள்ளூர் ஏ/எல்லின் இசட் புள்ளியில் (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடும் புள்ளி) நடக்கிறது: 40 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்டப் பங்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. லண்டன் ஏ/எல் எடுத்த பிள்ளை இந்த வரிசையில் நிற்க முடியாது. மருத்துவமோ பொறியியலோ இலவசமாகப் படிக்கும் வழியை விட்டுக்கொடுத்து, தனியார் பட்டத்துக்கோ வெளிநாட்டுக்கோ காசு தேடும் வழியில் நீங்கள் முதலாம் தரத்திலேயே கால் வைக்கிறீர்கள். 44 இலட்சத்தோடு அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

பாடசாலையில் என்ன கேட்க வேண்டும்? கடந்த மூன்று வருடங்களுக்கான எல்லா வகுப்புக் கட்டண அட்டவணையைக் கேளுங்கள். இந்த வருடத்தது மட்டும் போதாது. அதில்தான் வருட ஏற்றமும் வகுப்புப் படியும் கண்ணுக்குத் தெரியும். அனுமதிக் கட்டணம் திரும்பக் கிடைக்காதது எவ்வளவு, மீளளிக்கும் வைப்பு எவ்வளவு, விலகும்போது எத்தனை மாதத்துக்குள் தருவார்கள், விலக ஒரு தவணை அறிவித்தல் வேண்டுமா, இரண்டாவது பிள்ளைக்குக் கழிவு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிலுவை இருந்தால் விடுகைப் பத்திரத்தை மறிப்பார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். சண்டை வருவது எப்போதும் அதில்தான். கம்பனிப் பெயரைப் பற்றுச்சீட்டில் பார்த்து, கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட தனியார் பாடசாலை என்று சொன்னால் வலயக் கல்விப் பணிமனையில் விசாரித்தால் உறுதிப்படுத்துவார்கள். எட்டாம், ஒன்பதாம் தரத்தில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். முதலாம் தரத்தில் 30, ஒன்பதில் 6 என்றால் மற்றப் பெற்றோர் உங்களுக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள்.

அண்ணா காசு அனுப்புவார் என்பதை எப்படி எடுப்பது? மாதக் கட்டணம் உங்கள் ரூபாய்ச் சம்பளத்தில் இருந்தே போக வேண்டும். வெளிநாட்டுக் காசை அனுமதிக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் போன்ற ஒருமுறைச் செலவுக்கு வையுங்கள். அங்கேயும் வேலை போகும், வட்டி ஏறும். எந்தப் பாடசாலையில் சேர்த்தாலும் ஒரு முழு வருடக் கட்டணத்தை நிலையான வைப்பில் போட்டுவிட்டே தொடங்குங்கள். வைப்பு வட்டியில் 2025 ஏப்ரலில் இருந்து 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 1,800,000க்குள் உள்ளவர் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். வைப்பை அந்த எல்லைக்குள் நிற்பவரின் பெயரில் போடுவது நல்லது.

உங்கள் எண்களைப் பார்த்தால் என் கருத்து இது. இரண்டு பிள்ளைகள், 185,000 ரூபாய், நாட்டை விட்டுப் போகும் திட்டம் இல்லை என்றால் முதலாம் தரத்தில் லண்டன் பாடத்திட்டம் வேண்டாம். வரிக்குப் பயந்து சொல்லவில்லை; வரி வந்தாலும் அது ஒருமுறை ஏறும் 14 சதவீதம். எட்டாவது, ஒன்பதாவது வருடத்தில் இரண்டு கட்டணமும் சேர்ந்து வரும்போது திரும்பும் பாதை அடைபட்டிருக்கும் என்பதால் சொல்கிறேன். கட்டணம் கட்டியே படிப்பிக்க விரும்பினால் அங்கீகரிக்கப்பட்ட தனியார் பாடசாலை பாதுகாப்பானது. பக்கத்து அரச பாடசாலையில் ஆரம்பப் பிரிவை முடித்து, மிச்சமாகும் 15,000ஐ மாதாமாதம் ஒதுக்கினால் ஐந்து வருடத்தில் முதல் மட்டும் 900,000. ஒரு நல்ல ஆங்கில ஆசிரியருக்கு அதில் ஒரு பங்கே போதும். பிள்ளையை இரண்டு, மூன்று வருடத்தில் வெளிநாட்டுக்குக் கூப்பிட உறுதியான ஏற்பாடு இருந்தால் என் பதில் தலைகீழாகும்; அப்போது லண்டன் பாடத்திட்டத்துக்குக் கட்டும் காசு வீண் இல்லை.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அரச பாடசாலைக்கான முதலாம் தர விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். அமைச்சின் சுற்றறிக்கை வந்ததும் படியுங்கள். வழமையான பங்கீடு அருகில் வசிப்போருக்கு 50 சதவீதம், பழைய மாணவர் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் சகோதரருக்கு 15, கல்வித் துறை ஊழியருக்கு 5, இடமாற்றம் பெற்ற அரச அலுவலருக்கு 4, வெளிநாட்டில் இருந்து திரும்பியோருக்கு 1. வசிப்பிடத்துக்குத் தேருநர் இடாப்புப் பதிவும் உறுதி அல்லது குத்தகைப் பத்திரமும் மின்பட்டியலும் கேட்பார்கள். இடையில் கிட்டடியில் வேறு அரச பாடசாலைகள் இருந்தால் புள்ளி குறையும். அனுமதிக்காக எவராவது காசு கேட்டால் அது இலஞ்சக் குற்றம், கொடுக்க வேண்டாம். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டையும் பிரதிகளையும் ஒரு கோப்பில் வைத்திருங்கள். நேர்முகத்துக்கும் மேன்முறையீட்டுக்கும் அதுதான் கையில் வேண்டும்.